பழத்தின் தோலை உரித்தது யார்?

நாயும் விரதம் இருக்கும் வீட்டை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

நல்லூர்க் கோயிலில் திருவிழாக் கொடி ஏறிவிட்டால் இணுவில் ஒழுங்கைகளில் மீன்காரரின் சத்தம் கேட்காது. மீன் சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள். மீனவர் ஊரான குருநகரில் பிறந்த நான் அந்த நாட்களில் இந்தப் பக்கம் வருவதென்றால் இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் குளித்துவிட்டுத்தான் வருவேன். பலனில்லை. சுபாஜினி அக்காவின் வீட்டுக் கேற்றைத் திறந்ததுமே, விறாந்தையில் சாக்கின் மேல் கிடந்த நாய் தலையைக் கொஞ்சம் தூக்கி என் பக்கம் மூக்கை நீட்டியது.

“பாத்தியே, உன்னையும் ஒரு சீவன் மதிக்குது,” என்றார் ஆரணி அக்கா, ஹெல்மெட்டைக் கழற்றியபடி.

“மதிக்கேல்லை அக்கா. என்னைச் சூடை மீன் எண்டு நினைக்குது.”

அக்கா சிரிப்பதற்குள் நாயின் தலை திரும்பவும் சாக்கில் விழுந்தது. கண் மட்டும் திறந்திருந்தது. யாரோ எழுந்து போன வீட்டில் அணைக்க மறந்துவிட்ட விளக்கைப் போல இருந்தது அந்தக் கண்.

நாங்கள் யார் என்று சொல்லவேண்டும். ஆரணி அக்கா துப்பறிவாளர். நான் றெஜி, அவருடைய உதவியாளர். மோட்டார் சைக்கிள் என்னுடையது என்பதால் அந்தப் பதவி இன்னும் என்னிடம் இருக்கிறது. கொக்குவிலில் ஒரு தையல் கடைக்கு மேலே எங்கள் அறை. பனி மூடிய நகரங்கள், நீண்ட அங்கி போட்ட மர்ம மனிதர்கள் என்று கனவு கண்டுதான் இந்த வேலைக்கு வந்தேன். வந்த வேலை எல்லாம் கலியாண விசாரணை. கனடாவில் இருக்கும் தாய் தகப்பனுக்காக, இங்கே இருக்கும் மாப்பிள்ளை குடிப்பானா, யாரோடு திரிகிறான் என்று அறிந்து சொல்வது. இன்றைக்கு அதுவும் இல்லை. நாய்.

சுபாஜினி அக்கா ஈரக் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். நாற்பது வயதிருக்கும். அழுது முடித்த முகம்.

“வாங்கோ தங்கச்சி. இதுதான் எங்கடை சீசர். நேற்றையிலிருந்து சத்தி, திண்டதெல்லாம் வெளியிலை எடுக்குது. இண்டைக்குக் காலமை எழும்பேல்லை. தண்ணியும் குடிக்குதில்லை. நஞ்சு வைச்சுப் போட்டாங்கள்.”

“ஆர்?”

“ஆர் எண்டு கேக்க வேணுமே? உங்காலை இருக்கிறவன்தான்.” கையை நீட்டிப் பின்மதிலைக் காட்டினார். “வாகீசன். முந்திரிகைத் தோட்டக்காரன்.”

திராட்சைக்கு எங்கள் ஊரில் முந்திரிகை என்றுதான் பெயர். மதிலுக்கு மேலாகப் பந்தலும் பச்சை வலையும் தெரிந்தன.

“கண்ணாலை கண்டனீங்களோ?” என்று கேட்டார் ஆரணி அக்கா.

“காணேல்லை. ஆனால் போன மாரியிலை சீசர் அவன்ரை கொடியைப் புடுங்கிப் போட்டுது. அப்ப மதிலிலை ஏறி நிண்டு கத்தினவன், ‘இனி உந்த நாய் உள்ளுக்கை வந்தால் திரும்பிப் போகாது’ எண்டு. முழு ஒழுங்கையும் கேட்டது. நானும் காலமை எல்லாரிட்டையும் சொல்லிப்போட்டன், அவன்ரை தோட்டத்திலை நஞ்சு எண்டு. பின்னேரம் பொலிசிலை என்ட்றி போடப்போறன். அதுக்கு முதல் நீங்கள் ஏதும் ஆதாரம் எடுத்துத் தந்தால் நல்லம்.”

“மிருக வைத்தியர் என்ன சொல்லுறார்?”

“பிரவீணன் டொக்டர் காலமை வந்து ஒரு ஊசி போட்டவர். தோட்டத்து மருந்து எண்டு நான் சொன்னதை வைச்சுத்தான் போட்டவர். என்ன திண்டதெண்டு சரியாத் தெரிஞ்சால்தான் மிச்சம் பாக்கலாமாம். இல்லாட்டில் இருட்டிலை கல்லெறியிற மாதிரியாம்.” அறைப் பக்கம் பார்த்தார். “இவன் செத்தால் அப்பாவும் போயிடுவார், தங்கச்சி.”

திறந்திருந்த அறைக் கதவுக்குள் பார்த்தேன். கட்டிலில் ஒரு மெலிந்த மனிதர் சாய்ந்திருந்தார். சுபாஜினி அக்காவின் தகப்பன் தியாகராசா. பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. கண்கள் மட்டும் எங்களிடமே இருந்தன.

“அவருக்கு எல்லாம் விளங்கும். கதைக்கத்தான் ஏலாது,” என்றார் சுபாஜினி அக்கா. “சீசர் அவற்றை கட்டிலுக்குக் கீழைதான் படுக்கிறது. சத்தி எடுக்குதெண்டுதான் நேற்று இங்கை கொண்டுவந்து விட்டனான்.”

சாக்குக்குப் பக்கத்தில் ஒரு அலுமினியக் கோப்பை. அதில் பருப்பும் சோறும் காய்ந்து கிடந்தன. எறும்புகள் வரிசையாக வந்து விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தன.

“இது?”

“கொடி ஏறினதிலிருந்து வீடு முழுக்கச் சைவம். அவனுக்கெண்டு தனியா மீன் காய்ச்சேலுமே? ஆனால் அவன் பருப்பைத் தொடுறானில்லை. மணந்து பாத்துப்போட்டுப் போயிடுவான்.”

“நானும் அப்பிடித்தான்,” என்றேன்.

ஆரணி அக்கா என் காலை மிதித்தார்.

*

வாகீசன் அண்ணையின் தோட்டத்துக்கு ஒழுங்கையைச் சுற்றிக்கொண்டு போனோம். அப்போதுதான் தண்ணீர் பாய்ச்சி முடிந்திருந்தது. செம்மண் குழைந்து, வைத்த காலை விடமாட்டேன் என்று பிடித்தது. பந்தலின் கீழே இலை வெளிச்சம் பச்சையாக விழுந்துகொண்டிருந்தது. கடலுக்கடியில் நடப்பதைப் போல ஒரு கணம் நினைத்துக்கொண்டேன். அடுத்த கணம் வழுக்கி வாகீசன் அண்ணையின் காலடியில் விழுந்தேன்.

“உவரை எழுப்புங்கோ,” என்றார் அவர் சிரிக்காமல். ஐம்பது வயது மனிதர். தலையில் துவாய் கட்டியிருந்தார். பக்கத்தில் பறித்து அடுக்கிய பழப்பெட்டிகள் மூடியபடி இருந்தன. “நீங்களும் நஞ்சு தேடித்தான் வந்தனீங்களோ?”

“உண்மை தேடி வந்தனாங்கள்,” என்றார் ஆரணி அக்கா.

“அது இங்கை கன காலமா விளையிறேல்லை.” பெட்டி ஒன்றைக் காலால் தள்ளினார். “காலமை யாவாரிமார் ரெண்டு பேர் வந்தவை. ஒழுங்கை முகப்பிலை நிண்டு கதை கேட்டுப்போட்டுத் திரும்பிப் போட்டினம். நாளைக்குச் சந்தையிலை தெரிஞ்சிடும். பிறகு என்ரை பழத்தை ஆர் வாயிலை வைப்பினம்? நான் என்னெண்டு தலை நிமித்திறது?”

“நாயைக் கொல்லுவன் எண்டு சொன்னதாக் கதை.”

“சொன்னனான். கோவத்திலை நாக்குச் சொல்லும். கை செய்யுமே?” திடீரென்று ஒரு குலையை வெட்டி, கழுவாமலே வாய் நிறையப் போட்டு மென்றார். சாறு தாடையில் வழிந்தது. “பாருங்கோ. செத்து விழுறனோ பாருங்கோ. தம்பி, நீரும் சாப்பிடும்.”

“நான் முதல்லை நீங்கள் விழுறீங்களோ எண்டு பாக்கிறன் அண்ணை,” என்றேன்.

அந்த மனிதர் அப்போதுதான் சிரித்தார். சிரிப்பு முடியும்போது கண் கலங்கியிருந்தது.

“அந்தப் பிள்ளை சுபாஜினி என்னிலை பழி போடுது. ஆனால் கேளுங்கோ, அதின்ரை தேப்பனுக்குப் பழம் போறது என்ரை தோட்டத்திலை இருந்துதான். மதிலாலை கூடை நீட்டும். மருந்து அடிக்காத பந்தலிலை பாத்து நல்ல குலையா வெட்டிப் போடுவன். முந்தநாளும் போட்டனான். நஞ்சு வைக்கிறவன் செய்யிற வேலையே?”

“நாய் கடைசியா எப்ப உள்ளை வந்தது?”

“வலை கட்டின பிறகு ஒருக்காலும் வரேல்லை.”

திரும்பி வந்ததும் ஆரணி அக்கா விறாந்தைப் படியில் என்னை நிறுத்தினார்.

“றெஜி, காலைக் காட்டு.”

“ஏன் அக்கா, கலியாணம் பேசப்போறீங்களோ?”

“காட்டடா.”

காட்டினேன். கணுக்கால் வரை செம்மண் அப்பியிருந்தது. அக்கா நாயின் முன்காலை மெல்லத் தூக்கி, விரல் இடுக்குகளை விரித்துப் பார்த்தார். சுபாஜினி அக்காவின் வளவு முழுக்க வெள்ளை மணல் பரவியிருந்தது. சீசரின் கால் இடுக்கில் அந்த வெள்ளை மணல் மட்டும்தான் இருந்தது.

“அங்கை ஒவ்வொரு நாளும் தண்ணி பாயும். போன நாய் சிவந்த காலோடைதான் வரும்,” என்றார் அக்கா. “சீசர் இந்த வளவை விட்டுப் போகேல்லை.”

“அப்ப மதிலாலை எறிஞ்சிருக்கலாமே?”

“என்னத்தை எறிஞ்சது? அதைத் தேடு.”

தேடுவதென்றால் என்ன தேடுவது என்று எனக்குத் தெரியும். கதைகளில் உதவியாளருக்குச் சிகரெட் துண்டு கிடைக்கும், கைக்குட்டை கிடைக்கும். எனக்குச் செவ்வரத்தைச் செடிக்குக் கீழே நாய் எடுத்த சத்தி கிடைத்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்தேன். ஒரு குச்சியால் கிளறினேன்.

“அக்கா, பழம். முந்திரிகைப் பழம்.”

அவர் ஓடி வந்து எனக்குப் பக்கத்தில் குந்தினார்.  வெளிறிய சதைத் துண்டுகள், கண்ணாடி மணிகள் போல, மணலில் கிடந்தன.

“வடிவாப் பார். இதிலை என்ன இல்லை?”

“மணம்தான் இல்லையெண்டால் நல்லாயிருக்கும்.”

“தோல் இல்லை, றெஜி. ஒரு தோலும் இல்லை. விதையும் இல்லை.” எழுந்து நின்று வீட்டைப் பார்த்தார். “நாயைக் கொல்ல நினைக்கிறவன் பழத்துக்குத் தோல் உரிச்சு, விதை எடுத்துப்போட்டுக் குடுப்பானே?”

“என்ரை அம்மா எனக்கே உரிச்சுத் தந்ததில்லை.”

“அதுதான். உரிச்சது நாய்க்கில்லை.”

*

மிருக வைத்தியர் பிரவீணன் தொலைபேசியை எடுத்தபோது பின்னால் ஒரு மாடு கத்திக்கொண்டிருந்தது. அக்கா ஒலிபெருக்கியைப் போட்டார்.

“டொக்டர், சீசர் சாப்பிட்டது முந்திரிகைப் பழம். தோல் உரிச்சது, நல்லாக் கழுவினது. மருந்து பட்டிருக்காது எண்டுதான் நினைக்கிறன்.”

மறுமுனையில் மாடு மட்டும் பேசியது. பிறகு அவர் கேட்டார்:

“மூத்திரம் போனதோ இண்டைக்கு?”

அக்கா திரும்பிச் சுபாஜினி அக்காவிடம் கேட்டார். இல்லை என்று அவர் தலையாட்டினார்.

“இல்லையாம்.”

“கடவுளே. தங்கச்சி, மருந்து பிரச்சினையில்லை. பழம்தான் பிரச்சினை. முந்திரிகை நாய்க்கு ஆகாது. எவ்வளவு சுத்தமாக் கழுவினாலும் ஆகாது. சிறுநீரகத்தை அடிச்சுப் போடும். தோட்டத்து மருந்தெண்டால் வாயாலை நுரை வந்திருக்கும், உடம்பு நடுங்கியிருக்கும். காலமையே எனக்கு அது பொருந்தேல்லை. ஆனால் அந்த அக்கா அடிச்சுச் சொன்னவ, எனக்கும் வேறை வழி தெரியேல்லை.”

“நாய்க்குப் பழமே குடுக்கக்கூடாதோ டொக்டர்?” என்று இடையில் புகுந்தேன்.

“குடுக்கலாம். வாழைப்பழத்திலை ஒரு துண்டு. பப்பாசி, வத்தகப்பழம், விதை எடுத்துப்போட்டு. மாம்பழமெண்டால் கொட்டையும் தோலும் இல்லாமல் கொஞ்சம். ஆசைக்கு ஒரு வாய், அவ்வளவுதான். முந்திரிகை மட்டும் ஒண்டும் கூடாது. பிளம்ஸும் அதேதான், காய்ஞ்ச முந்திரிகைதானே அது. உடனை கொண்டு வாங்கோ, சேலைன் ஏத்திப் பாப்பம். தப்பும் எண்டு உறுதி சொல்லமாட்டன். அதோடை ஒண்டு. ஒரு நாள் சாப்பிட்டதோ, ஒவ்வொரு நாளும் சாப்பிட்டதோ எண்டு எனக்குத் தெரிய வேணும்.”

நான் ஓட்டோவுக்குச் சொன்னேன். திருவிழா நேரம், ஓட்டோ எல்லாம் நல்லூர்ப் பக்கம். கொஞ்சம் சுணங்கும் என்றான் ஓட்டோக்காரன்.

சுபாஜினி அக்கா சுவரில் சாய்ந்து நின்றார்.

“முந்திரிகையோ? நான் ஒரு நாளும் அவனுக்குப் போடேல்லை தங்கச்சி. பிள்ளையாராணை. அது அப்பாவுக்கெண்டு எடுக்கிறது.”

“ஆர் உரிக்கிறது?”

“நான்தான். தொண்டையிலை அடைச்சுப் போடுமெண்டு தோலை உரிச்சு, விதையையும் எடுத்துப்போட்டு வைப்பன். முதல்லை உப்புத் தண்ணியிலை ஊறவிட்டு, பிறகு மஞ்சள் தண்ணியிலை கழுவி. தோட்டத்துப் பழத்தை நம்பேலாது எண்டு ஒவ்வொண்டாப் பாத்துப் பாத்துச் செய்யிறன்.” குசினி மேசையைக் காட்டினார். அங்கே மஞ்சள் தண்ணீர் ஏனமும், உரித்த பழங்கள் நிறைந்த ஒரு சின்னக் கிண்ணமும் இருந்தன. “இதெல்லாம் அப்பாதான் சாப்பிடுறவர். இடக்கையாலை தானே எடுத்துச் சாப்பிடோணும், அதுதான் கைக்குப் பயிற்சி எண்டு ஆஸ்பத்திரியிலை சொன்னவை. கிண்ணத்தைப் பக்கத்திலை வைச்சுப்போட்டு வருவன். திரும்பிப் போய்ப் பாத்தால் ஒண்டும் மிச்சமிராது.”

அந்தக் களைத்த முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து போனது.

“சோறு ரெண்டு வாய்க்கு மேலை இறங்காது. கஞ்சியும் இறங்காது. இது ஒண்டைத்தான் மனுசன் ஆசையாச் சாப்பிடுறார். எனக்கு அது ஒண்டுதான் நிம்மதி.”

ஆரணி அக்கா அந்தக் கிண்ணத்தைப் பார்த்தார். அவர் ஏதாவது கண்டுபிடித்துவிட்டால் முகத்தில் ஒரு மகிழ்ச்சி வரும். அன்றைக்கு அது வரவில்லை. 

“றெஜி,” என்றார் மெதுவாக, “ஓட்டோ வரும்வரைக்கும் ஐயாவோடை இரு.”

சுபாஜினி அக்கா வழமைபோலக் கிண்ணத்தை எடுத்தார். “இதையும் கொண்டுபோய் வையுங்கோ தம்பி. நாங்கள் போட்டு வரச் சுணங்கினால் அவருக்குப் பசிக்கும்.”

*

அறையில் விபூதி வாசமும் மருந்து வாசமும் கலந்திருந்தன. தியாகராசா ஐயாவின் இடப்பக்கம் கிண்ணத்தை வைத்தேன். மூலையில் இருந்த கதிரையில் போய் உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்த்தார். நான் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, வெளியே மாமரத்தைப் பார்ப்பதுபோல இருந்தேன். யன்னல் கண்ணாடியில் கட்டில் தெரிந்தது.

அவருடைய இடக்கை கிண்ணத்துக்குள் இறங்கியது. நடுங்கும் விரல்கள் ஒரு பழத்தைப் பிடித்தன, நழுவவிட்டன, மறுபடி பிடித்தன.  பழம் கடைசியில் கிண்ணத்தை விட்டு எழும்பியது.

வாய்க்குப் போகவில்லை.

கை கட்டில் விளிம்பைத் தாண்டிக் கீழே தொங்கியது. பழம் விரல் நுனியில். பிறகு ஐயா நாக்கால் ஒரு சத்தம் எழுப்பினார். டொக், டொக் என்று. பேச்சு முழுவதும் போன மனிதரிடம் மிஞ்சியிருந்த ஒரே சத்தம் அது.

விறாந்தையில் சாக்கு உரசியது.

காலையிலிருந்து தலையைத் தூக்க முடியாமல் கிடந்த நாய், தண்ணீரையும் தொடாத நாய், எழும்பி வந்தது. எழும்பி என்று சொல்ல முடியாது. பின்கால்களை நிலத்தில் இழுத்துக்கொண்டு, வாசற்படியில் ஒருமுறை விழுந்து, மூச்சிரைத்து, அந்தக் கையை நோக்கி வந்தது. வாலின் நுனி ஆடியது. கூப்பிட்டால் வரவேண்டும் என்பது மட்டும்தான் அதற்குத் தெரிந்திருந்தது.

மூக்கு விரலைத் தொடும் நேரம் நான் பாய்ந்து பழத்தைப் பறித்தேன்.

ஐயா என்னைப் பார்த்தார். அவ்வளவு கோபத்தை ஒரு முகத்தின் பாதியில் நான் அதற்கு முன் கண்டதில்லை. கையால் நாயைக் காட்டினார், தன் வாயைக் காட்டினார், பிறகு வெறும் விரல்களை அசைத்துக் காட்டினார். எனக்கு விளங்கியது. இவன் சாப்பிடுகிறானில்லை. கொடி ஏறியதிலிருந்து ஒன்றும் சாப்பிடுகிறானில்லை. நான் கொடுத்தால் மட்டும் சாப்பிடுகிறான்.

ஊட்டிவிட, துடைத்துவிட, புரட்டிவிட என்று எல்லாவற்றையும் மற்றவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு கிடந்த மனிதர் அவர். அவருடைய கையால் இன்னொரு சீவனுக்குக் கொடுக்க அந்த வீட்டில் வேறு எதுவும் இருக்கவில்லை.

“ஐயா,” என்றேன். யோசிக்காமல்தான் சொன்னேன். “இது சீசருக்கு ஆகாதாம் ஐயா. டொக்டர் இப்பதான் சொன்னவர். இதாலைதான் வருத்தமாம்.”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது.

கோபம் அந்த முகத்தை விட்டு இறங்கியது. கண்கள் என்னிலிருந்து கிண்ணத்துக்குப் போயின. கிண்ணத்திலிருந்து, கட்டிலுக்குக் கீழே தன் பழைய இடத்தில் சுருண்டுவிட்ட நாய்க்குப் போயின. அங்கேயே நின்றுவிட்டன. நான் கிண்ணத்தை எடுத்து மேசையில் வைத்தேன். 

வாசலில் ஆரணி அக்கா நின்றார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. கையில் தொலைபேசி.

“டொக்டருக்குச் சொல்லிப்போட்டன், ஒவ்வொரு நாளும் எண்டு,” என்றார். “அப்பிடியெண்டால் கஷ்டமாம்.”

என்னை விறாந்தைத் தூணருகே கூட்டிக்கொண்டு போனார்.

“உங்களுக்கு முதலே தெரியுமோ அக்கா?”

“தோலைக் காணேல்லை எண்டதும் ஒரு யோசனை வந்தது. பிழையா இருக்க வேணுமெண்டு நினைச்சன்.”

“பாம்பு கடிச்சதெண்டு சொல்லுவமே? வாகீசன் அண்ணையும் தப்புவார், ஐயாவும் தப்புவார்.”

“முந்திரிகை எண்டு டொக்டர் சொன்னது சுபாஜினி அக்காவின்ரை காதிலை விழுந்திட்டுது. இனி அவ ஒரு வழியாலைதான் யோசிப்பா. மதிலாலை எறிஞ்சது வாகீசன் எண்டு. நாங்கள் வாயைத் திறக்காட்டில் அந்த மனுசன் பொலிசிலை நிப்பார்.”

“திறந்தால்?”

“திறந்தால், உப்புத் தண்ணியிலை கழுவினதும் உரிச்சதும் தன்ரை கையெண்டு அவவுக்குத் தெரியும். அப்பா சாப்பிட்டார் எண்ட நிம்மதியும் போகும். கலியாண விசாரணையெண்டால் ரெண்டு வரியிலை எழுதி அனுப்பிப்போட்டுப் பேசாமல் இருக்கலாம்.” சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். “கண்டுபிடிச்சாச்சு. என்ன பிரயோசனம், சொல்லு.”

கேற்றடியில் ஓட்டோ ஹோர்ன் அடித்தது.

நானும் அக்காவும் சாக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனோம். கட்டிலுக்குக் கீழே குனிந்து சீசரைச் சாக்கில் இழுத்தோம். பெரிய நாய். தசை எல்லாம் தளர்ந்து இரண்டு மடங்கு பாரமாக இருந்தது. நான் தூக்கிய பக்கம் சரிந்தது. அப்போது செம்மண் படிந்த இரண்டு கைகள் சாக்கின் மற்ற மூலையைப் பிடித்தன.

வாகீசன் அண்ணை. ஓட்டோவைக் கண்டு ஓடி வந்திருக்கிறார்.

“விடு!” சுபாஜினி அக்கா குசினியிலிருந்து பாய்ந்து வந்தார். “தொடாதை அவனை! நஞ்சு வைச்ச கையாலை தொடாதை!”

“பிள்ளை, முதல்லை வைத்தியரிட்டைக் கொண்டுபோவம். பிறகு என்னைப் பேசும்.”

“மதிலாலை பழம் எறிஞ்சிருக்கிறாய். டொக்டரே சொல்லிப்போட்டார் பழம் எண்டு. தங்கச்சி, சொல்லுங்கோ இவருக்கு! நீங்கள் தானே விசாரிச்சனீங்கள். அப்பாவுக்கு முன்னாலை சொல்லுங்கோ, ஆர் குடுத்தது எண்டு!”

வாகீசன் அண்ணை சாக்கை விடவில்லை. ஆரணி அக்காவைப் பார்த்தார். கெஞ்சும் பார்வை இல்லை. காத்திருக்கும் பார்வை. அக்காவின் உதடு பிரிந்தது, மூடிக்கொண்டது. எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பொல்லாத செய்திகளைக் கண் இமைக்காமல் சொன்னவர், அன்றைக்கு நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போது கட்டிலில் ஏதோ அசைந்தது.

தியாகராசா ஐயா இடக்கையைத் தூக்கினார். முழங்கை முதலில் படுக்கையை விட்டு எழும்பியது. விழுந்தது. மறுபடியும் எழும்பியது. கழுத்து நரம்புகள் புடைத்தன. அங்குலம் அங்குலமாக உயர்ந்து, தோளுக்கு மேலே போய், உள்ளங்கை விரிந்தபடி நின்றது. வகுப்பில் யார் செய்தது என்று கேட்டால் பிள்ளை தூக்கும் கையைப் போல.

 வாகீசன் அண்ணைக்கு விளங்கிவிட்டது. அவருடைய முகத்தில் தெரிந்தது. அவர் மெல்லச் சாக்கைத் தரையில் இறக்கிவிட்டு, தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார்.

சுபாஜினி அக்கா மட்டும் ஓடிப்போய் மேசையிலிருந்த தம்ளரை எடுத்தார்.

“என்னப்பா? தண்ணியோ? விடாய்க்குதோ அப்பா? நான் கத்தினதிலை பயந்திட்டியளோ?”

தம்ளரை உதட்டில் வைத்தார். ஐயா வாயைத் திறக்கவில்லை. தண்ணீர் தாடையில் வழிந்து கழுத்துக்குள் இறங்கியது. அவர் கண்ணை மகளிடமிருந்து எடுக்கவில்லை. தூக்கிய கையையும் இறக்கவில்லை. 

“குடியுங்கோ அப்பா. கொஞ்சமாவது.”

வெளியே ஓட்டோக்காரன் மறுபடி ஹோர்ன் அடித்தான். ஆரணி அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். இவ்வளவு பேர் நிற்கும் அந்த அறையில் யாரோ ஒருவர் வாய் திறக்க வேண்டும். அது நானாக இருக்கக் கூடாது என்று நான் மிகவும் விரும்பினேன்.

“அக்கா,” என்றேன். “ஐயா தண்ணி கேக்கேல்லை.”

சுபாஜினி அக்கா தம்ளரோடு என் பக்கம் திரும்பினார்.